நடுவர்கள் உங்கள் தளத்துக்கு வரமாட்டார்கள்: நிலத்தோற்ற வடிவமைப்பு விருதுக்கு முதல்முறை அனுப்புகிறவர்களுக்கு

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர், அதாவது பூங்கா, நீர்க்கரை, பொதுவெளி போன்றவற்றை வடிவமைக்கிற நிலத்தோற்ற வடிவமைப்பு, படிக்கிற மாணவர்களும், வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்களும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அமெரிக்க விருதுக்கு அனுப்பலாமா? நம்ம வேலை அந்த அளவுக்கு இருக்குமா?" அவர்கள் சொல்வது அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர்கள் சங்கத்தின் விருது. சுருக்கமாக ஏ.எஸ்.எல்.ஏ. 1899-ல் 11 பேர் சேர்ந்து நியூயார்க்கில் தொடங்கிய சங்கம் அது. அந்த 11 பேரில் ஒரே ஒரு பெண் இருந்தார், பியாட்ரிக்ஸ் ஜோன்ஸ். பிறகு ஃபேரண்ட் என்ற பெயரில் பெரும் புகழ் பெற்றவர். இன்று இந்தத் துறையில் உலகம் முழுவதும் கவனிக்கிற விருதுப் பட்டியல் என்றால் அந்தச் சங்கம் ஆண்டுதோறும் தரும் தொழில்முறை விருதுகளும் மாணவர் விருதுகளும்தான்.

அனுப்பலாமா என்ற கேள்விக்கு என் பதில்: அனுப்பலாம். ஆனால் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் உட்கார்ந்து தயாரிக்கிற வேலை இல்லை இது. தளத்தில் முதல் அடி வைக்கிற அன்றே தொடங்க வேண்டியது. ஏன் என்று சொல்கிறேன்.

கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதில், இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு திட்டத்தையும் நேரில் பார்த்து வர நிபுணர்களை அனுப்புவார்கள். ரியாத் நகரத்து வாடி ஹனிஃபா என்ற ஓடைப் பள்ளத்தாக்கைச் சீரமைத்த வேலை 2010-ல் அந்த விருதை வாங்கியது. நேரில் போனவர்கள் அங்கே தண்ணீரைப் பார்க்கலாம், கரையில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களிடம் பேசலாம். நிலத்தோற்ற விருதுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. நடுவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சில படங்களையும் ஓரிரு பக்க எழுத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்கிறார்கள். மண்ணின் ஈரத்தையோ மரத்தடிக் குளிர்ச்சியையோ அவர்கள் உணர வழியில்லை. நிலம் எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள்தான் படத்திலும் எழுத்திலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

முதலில், வென்றவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வென்ற திட்டங்களின் படங்களையும் விளக்கங்களையும் சங்கமே ஆண்டுவாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. இலவசம். பலர் அதில் படங்களை மட்டும் வேகமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ரெண்டர் (கணினியில் வரைந்த காட்சிப் படம்) செம்மையா இருக்கு" என்று மூடிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் எதுவும் கிடைக்காது. ஒரே ஒரு திட்டத்தை எடுத்து ஒரு மாலை முழுக்க அதோடு உட்காருங்கள்.

எதை எடுப்பது என்றால், ஷாங்காயின் ஹோட்டன் பூங்காவைச் சொல்வேன். 2010-ல் பொது வடிவமைப்புப் பிரிவில் முதல் விருது பெற்றது. வடிவமைத்தது சீன நிலத்தோற்றக் கலைஞர் யூ கோங்ஜியானும் அவருடைய துரென்ஸ்கேப் நிறுவனமும். அந்த இடம் ஹுவாங்பு ஆற்றங்கரையில் ஒரு நீண்ட பட்டை, சுமார் 14 ஹெக்டேர். முன்பு எஃகு ஆலையும் கப்பல் பட்டறையும் இருந்த, கெட்டுப்போன நிலம். ஆற்றுத் தண்ணீரோ தொடவே லாயக்கில்லாத தரம். அவர்கள் பூங்காவின் நீளத்துக்கு 1.7 கிலோமீட்டர் சதுப்பு நிலம் ஒன்றை உருவாக்கினார்கள். ஆற்றுத் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, படிகளில் இறங்கி, நாணலுக்கும் நீர்ச்செடிகளுக்கும் நடுவே மெதுவாக நகர்ந்து மறுமுனைக்கு வரும்போது தெளிந்திருக்கும். ஒரு நாளைக்கு 2,400 கன மீட்டர். படிக்கட்டு நிலங்களில் பயிர் வைத்தார்கள். பழைய ஆலையின் இரும்புச் சட்டங்களை இடிக்காமல் விட்டார்கள்.

இப்போது ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். அந்த நிலத்தின் நோய் என்ன? வடிவமைப்பாளர் செய்த ஒரே பெரிய முடிவு எது? அது பலித்தது என்பதற்கு ஆதாரம் என்ன? மக்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? ஹோட்டனில் நான்குக்கும் பதில் உடனே வரும். வென்ற திட்டங்கள் பத்தை எடுத்து இப்படி எழுதிப் பாருங்கள். எது கனமான வேலை, எது வெறும் அழகான படம் என்பது உங்கள் கண்ணுக்கே பிடிபட ஆரம்பிக்கும்.

யூவின் இன்னொரு வேலையான, சீனாவின் ஹார்பின் நகரத்து குன்லி மழைநீர்ப் பூங்காவையும் பாருங்கள். 2012-ல் அதே பிரிவில் அதே முதல் விருது. சுற்றிலும் சாலைகளும் கட்டடங்களும் வந்ததால் நீர்வரத்து அறுந்து, 34 ஹெக்டேர் சதுப்பு நிலம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் நடுப்பகுதியைத் தொடவே இல்லை. ஓரத்தைச் சுற்றி மட்டும் மண்ணை வெட்டிக் குழியாக்கினார், வெட்டிய மண்ணை மேடாக்கினார். நகரத்து மழைநீர் அந்தக் குழிகளில் தங்கி, வண்டல் படிந்து, பிறகு நடுவில் உள்ள சதுப்புக்குப் போகிறது. எதைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுப்பதும் வடிவமைப்புதான் என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிறுவயதில் வெள்ளம் வந்த ஓடையில் விழுந்தபோது கரையோர மரங்களும் நாணலும்தான் தன்னைக் காப்பாற்றின என்று யூ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2025 செப்டம்பரில் பிரேசிலின் பன்டனால் சதுப்பு நிலப் பகுதியில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். செய்தி வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. ஏரி, கண்மாய், மடை, கலங்கல், வரத்துக்கால் என்ற சொற்களோடு வளர்ந்தவர்களுக்கு குன்லியின் வரைபடம் அந்நியமாகத் தெரியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, மிஞ்சினால் எங்கே வழிகிறது என்ற மூன்று கேள்விகளையும் நம் ஊர் மடைக்காரர் தினமும் கேட்டவர்.

எந்தப் பிரிவில் அனுப்புவது

தொழில்முறையில் பொது வடிவமைப்பு, வீட்டுத் தோட்டம், நகர வடிவமைப்பு, ஆய்வும் திட்டமிடலும், தகவல் தொடர்பு, ஆராய்ச்சி என்று பிரிவுகள் உண்டு. இவை தவிர லேண்ட்மார்க் விருது என்று ஒன்று, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மாணவர் பக்கம் இதே ஆறு பிரிவுகளோடு சமூக சேவை, கூட்டு முயற்சி என்று இரண்டு கூடுதலாக உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் 'அவார்ட் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்ற முதல் விருது ஒன்றுதான். அதற்குக் கீழே 'ஹானர் அவார்ட்' சிலருக்குக் கிடைக்கும்.

தொழில்முறையில் வடிவமைப்புப் பிரிவுகளுக்குக் கட்டி முடித்த வேலைதான் போக வேண்டும். காகிதத்தில் நிற்கும் மாஸ்டர் பிளானை அங்கே அனுப்பினால் வீண், அது ஆய்வும் திட்டமிடலும் பிரிவுக்கு உரியது. மாணவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஸ்டூடியோவில், அதாவது கல்லூரி வடிவமைப்பு வகுப்பில், செய்ததே போதும்.

மாணவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற தவறு, எல்லோரும் பொது வடிவமைப்பிலேயே போய் மோதுவது. கூட்டம் அங்கேதான். ஒரு அரசுப் பள்ளி மைதானத்தில் மாணவர்கள் சேர்ந்து மண்ணை வெட்டி, செடி நட்டு, உண்மையிலேயே ஒன்றைச் செய்து முடித்திருந்தால் அதற்குச் சரியான இடம் சமூக சேவைப் பிரிவு. சிவில் மாணவர்களோடும் தாவரவியல் மாணவர்களோடும் சேர்ந்து ஒரு ஏரியின் நீர்ப்பிடிப்பைப் படித்திருந்தால் கூட்டு முயற்சி. ஊர்ப் பெரியவர்களிடம் பேசி மறைந்துபோன வாய்க்கால்களை வரைபடமாக்கி, அதை ஊராருக்கே புரிகிற மாதிரி ஒரு சுவரொட்டியாகவோ கையேடாகவோ போட்டிருந்தால் தகவல் தொடர்பு. வேலை ஒன்றுதான், எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதில் பாதி இருக்கிறது.

பிரிவை முடிவு செய்ததும் அந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். தகுதி, கட்டணம், படங்களின் எண்ணிக்கை, சொற்களின் அளவு எல்லாம் அதில் இருக்கும். போன வருடத்துத் தாளை நம்பி வேலை பார்க்காதீர்கள். நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பதும் அதில் இருக்கும். வடிவமைப்புப் பிரிவில் பொதுவாக அது இப்படிப் போகும்: வடிவமைப்பின் தரமும் செய்த நேர்த்தியும், இடத்தோடு பொருந்துவது, சுற்றுச்சூழல் அக்கறை, அந்த வேலையால் உரிமையாளருக்கும் பொதுமக்களுக்கும் மற்ற வடிவமைப்பாளர்களுக்கும் என்ன பயன். 'மற்ற வடிவமைப்பாளர்களுக்கும்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் வேலையிலிருந்து இன்னொரு ஊரில் இருப்பவர் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும்.

தளத்தில் முதல் நாளே செய்ய வேண்டியது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

நியூயார்க்கின் ஹை லைன் பூங்கா எல்லோருக்கும் தெரியும். கைவிடப்பட்ட உயரத்து ரயில்பாதை, 2009-ல் முதல் பகுதி திறந்தது, 2010-ல் ஏ.எஸ்.எல்.ஏ. ஹானர் அவார்ட். ஆனால் வடிவமைப்பாளர்கள் வருவதற்குப் பல வருடம் முன்னால், 2000-லும் 2001-லும் ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்ட் என்ற புகைப்படக்காரர் அந்தப் பாதையில் நடந்து நடந்து படம் எடுத்தார். தண்டவாளங்களுக்கு நடுவே தானாக முளைத்த புல்லும் காட்டுப் பூக்களும் அந்தப் படங்களில் இருந்தன. இடிக்க வேண்டிய இரும்பு என்று நினைத்த பலருக்கு அதைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியதில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடால்ஃப் செய்த செடித் தேர்வும் அந்தத் தானாக முளைத்த புல்வெளியின் சாயலிலேயே இருந்தது.

'முன்பு' படம் இல்லாமல் 'பின்பு' படத்துக்கு அர்த்தம் கிடையாது. நான் மாணவனாக இருந்தபோது ஒரு ஊருணியில் வேலை செய்தோம். தூர்வாருவதற்கு முன் ஒரு படம்கூட ஒழுங்காக எடுக்கவில்லை. பிறகு எவ்வளவு எழுதியும் அது எப்படிக் கிடந்தது என்று யாரிடமும் காட்ட முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். தளத்தில் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு முளைக்குச்சி அடியுங்கள், அல்லது அசையாத ஏதாவது ஒன்றை, ஒரு கல்லையோ மின்கம்பத்தையோ, அடையாளமாக வையுங்கள். அங்கே நின்று, ஒரே திசையில், ஒரே உயரத்தில் படம் எடுங்கள். மாதம் ஒரு முறை. சித்திரை வெயிலில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை கட்டாயம். மழை பெய்துகொண்டிருக்கும்போதே போங்கள். குடையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்தால், பத்துப் பக்க ஆய்வைவிட அது அதிகம் சொல்லும்.

அப்புறம் அளவுகள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். மண்ணில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு முறை முழுக்க வடியவிட்டு, மறுபடி ஊற்றி, மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலால் அளங்கள். நிலம் தண்ணீரைக் குடிக்கிற வேகம் அது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படியும். அதைப் படம் எடுங்கள், உங்கள் மண் என்ன என்று யாருக்கும் புரியும். மதியம் 2 மணிக்கு வெயிலிலும் மர நிழலிலும் தரையின் சூட்டை அளந்து எழுதுங்கள். காலை, மதியம், மாலை என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், பெண்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எல்லாவற்றிலும் தேதியும் நேரமும் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகு இதையே அப்படியே திரும்பச் செய்யுங்கள்.

அளந்ததை எப்படிச் சொல்வது என்று பார்க்க, அமெரிக்காவின் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் ஃபவுண்டேஷன் 2010-லிருந்து வெளியிட்டு வரும் செயல்திறன் ஆய்வுகள் நல்ல பாடம். ஒவ்வொரு திட்டமும் எவ்வளவு தண்ணீர் சேமித்தது, எவ்வளவு சூடு குறைத்தது என்பதோடு, எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள்.

படங்களை அடுக்குவது

நடுவர்கள் நூற்றுக்கணக்கில் பார்க்கிறார்கள். முதல் படத்திலேயே உங்கள் திட்டத்தின் உயிர் தெரிய வேண்டும். மாலை வெளிச்சத்தில் எடுத்த, ஆள் இல்லாத, பளபளப்பான படத்தை முதலில் வைக்கிற பழக்கத்தை விடுங்கள். ஆட்கள் இருக்கட்டும், நனைந்த தரை இருக்கட்டும்.

இரண்டாவதோ மூன்றாவதோ படமாக இடத்தின் சூழல் வரைபடம் வரட்டும். மேலே எந்த ஏரி, கீழே எந்த ஆறு, பக்கத்தில் எந்தத் தெரு என்று. அதன் பிறகு குறுக்குவெட்டு, அதாவது நிலத்தை நெடுக்காக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற வரைபடம். என்னைக் கேட்டால் நிலத்தோற்ற வடிவமைப்பில் மிக நேர்மையான வரைபடம் குறுக்குவெட்டுதான். தரைக்குக் கீழே எத்தனை அடி மண், வேர் எதுவரை போகும், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை அங்கே மறைக்க முடியாது. மண்ணே இல்லாத இடத்தில் பெரிய மரம் வரைந்திருந்தால் குறுக்குவெட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

நியூயார்க்கில் டியர்டிராப் பார்க் என்று இரண்டு ஏக்கருக்கும் குறைவான ஒரு பூங்கா இருக்கிறது. மைக்கேல் வான் வால்கன்பர்க் நிறுவனம் செய்தது, 2009-ல் விருது. நான்கு பக்கமும் உயர்ந்த குடியிருப்புகள், நடுவில் நிழல். வெயில் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டு, வெயில் கிடைக்கிற வடபக்கத்தில் புல்வெளியை வைத்தார்கள், மற்றதை அதற்கேற்ப அமைத்தார்கள். நிழல் கணக்கைக் காட்டும் ஒரு சின்னப் படம் போதும், புல்வெளி ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழாது. உங்கள் வரைபடங்களும் அப்படி 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்லட்டும். பதில் சொல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

எழுத்து

முதலில் தமிழில் எழுதுங்கள். உங்கள் பாட்டிக்குச் சொல்வது போல எழுதி, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். நேரே ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் வருவது இப்படித்தான் இருக்கும்: "இயற்கையோடு இயைந்த, நிலைத்தன்மை வாய்ந்த, சமூகத்தை இணைக்கும் புதுமையான பொதுவெளி." எந்த ஊர், எந்த நிலம் என்று இதில் எதுவும் தெரியவில்லை. ஆயிரம் திட்டங்களுக்கு இதே வரியை ஒட்டலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "மழை பெய்தால் பள்ளி மைதானத்தில் மூன்று நாள் தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் விளையாட முடியாது. மைதானத்தின் தாழ்ந்த மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, அதில் வெட்டிவேரும் கோரையும் வைத்தோம். இப்போது மறுநாள் காலையில் மைதானம் காய்ந்திருக்கிறது." நோய், மருந்து, குணம் என்று எல்லாம் வந்துவிட்டது. நடுவருக்கு அந்த இடம் கண்ணில் தெரியும்.

படக்குறிப்புகளை அலட்சியம் செய்யாதீர்கள். படத்தில் ஏற்கெனவே தெரிகிறதைக் குறிப்பில் திரும்பச் சொல்ல வேண்டாம். "மாலையில் பூங்கா" என்பது குறிப்பு இல்லை. "நவம்பர் மழைக்கு 6 மணி நேரம் கழித்து, அதே முளைக்குச்சியிலிருந்து" என்பது குறிப்பு. செடிகளுக்கு ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரும் கொடுங்கள். புங்கன், நீர்மருது, தாழை என்று நமக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியாது.

பெயர், அனுமதி, நேரம்

நடுவர்களுக்கு யாருடைய வேலை என்று தெரியக்கூடாது. படங்களிலும் எழுத்திலும் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வரக்கூடாது. வரைபடத்தின் மூலையில் இருக்கும் தலைப்புக் கட்டம், கல்லூரி முத்திரை, கோப்பின் பெயர், புகைப்படக்காரரின் வாட்டர்மார்க் என்று எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். வேலையில் கைவைக்காத ஒருவரிடம் இதைக் கொடுங்கள், செய்தவர் கண்ணுக்குப் படாது.

விண்ணப்பப் படிவத்தில் மட்டும் எல்லோர் பெயரும் முழுமையாக இருக்கட்டும். மாணவர் என்றால் வழிகாட்டிய ஆசிரியர் பெயரும். குழுவில் ஒருவர் பெயர் விட்டுப்போய், விருது வந்த பிறகு நட்பே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். நில உரிமையாளரிடமும் புகைப்படக்காரரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குழந்தைகள் படத்தில் இருந்தால் பெற்றோரிடமும்.

கடைசித் தேதி வாஷிங்டன் நேரப்படி இருக்கும். அது இந்திய, இலங்கை நேரத்துக்கு 9½ மணி நேரமோ, குளிர்காலத்தில் 10½ மணி நேரமோ பின்னால். அந்தக் கூடுதல் நேரத்தை நம்பி வேலையை இழுக்காமல், இரண்டு நாள் முன்னாலேயே ஏற்றிவிடுங்கள்.

அமெரிக்க விருதோடு நிற்க வேண்டியதில்லை. 2003-ல் தொடங்கிய இந்திய நிலத்தோற்றக் கலைஞர்கள் சங்கம், அதாவது ஐசோலா, 1948-ல் தொடங்கிய பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா ஆகியவற்றின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு முறை ஒழுங்காகத் தொகுத்த பொருள் மற்ற இடங்களுக்கும் உதவும்.

அனுப்பிய பிறகு

முடிவு எப்படி வந்தாலும் தளத்துக்குத் திரும்பப் போங்கள். முன்னால் சொன்ன லேண்ட்மார்க் விருது, முடிந்து 15 முதல் 50 ஆண்டு ஆன வேலைகளுக்கு. அத்தனை காலம் கழித்தும் மூல வடிவம் கெடாமல், ஊருக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விருது அதுதான். திறப்பு விழா நாளில் கட்டடம் முழுதாக நிற்கும், மரமோ அன்றைக்கு இடுப்பளவுதான் இருக்கும். நட்டவர் நினைத்த நிழல் விழ இருபது வருடம் ஆகும்.

ஆகவே முளைக்குச்சிகளைப் பிடுங்காதீர்கள். அவை எங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடம் போட்டு, அடுத்த ஜூனியரிடமோ, தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடமோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். இந்த வருட ஐப்பசிப் படத்தை எடுக்கும் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.